சிறுநீரகக் கல் பரம்பரையாக வருமா?

என் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் இருந்தது, பெரியப்பாவுக்கும் இருந்தது, இப்போது தம்பிக்கும் வந்திருக்கிறது. "இது உங்கள் குடும்ப வியாதி, தப்பிக்க முடியாது" என்று சில உறவினர்கள் சொல்வதும், "பரம்பரையாவது ஒன்றாவது, தண்ணீர் குடிக்காததால் வந்தது" என்று வேறு சிலர் மறுப்பதும் எனக்குப் பழகிப்போன பேச்சுகள். மருத்துவ ஆய்வகத்தில் சிறுநீர் மாதிரிகளைச் சோதிப்பது என் அன்றாட வேலை என்பதால், இந்த இரண்டில் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம், சிட்ரேட் ஆகியவற்றைச் சிறுநீரகமும் கல்லீரலும் குடலும் எப்படிக் கையாளுகின்றன என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது அந்த வேறுபாடுதான். பெரும்பாலான குடும்பங்களில் அது மிகச் சிறியது. சில குடும்பங்களில் மட்டும், ஒரே ஒரு மரபணுவில் உள்ள கோளாறு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் பெரியதாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் முதல் வகையினர் தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள். இரண்டாம் வகையினரின் நோயோ காலத்தில் கண்டுபிடிக்கப்படாமல் போய்விடுகிறது. இந்தப் பதிவை எழுத என்னைத் தூண்டியது இரண்டாவதாகச் சொன்ன இழப்புதான்.

முதலில், பரம்பரைக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆண் மருத்துவப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியான ஆய்வு, குடும்பத்தில் எவருக்கேனும் கல் இருந்தவர்களுக்குப் புதிதாகக் கல் உருவாகும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று காட்டியது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் ஒரே உணவை உண்கிறார்கள், ஒரே வெயிலில் இருக்கிறார்கள், தண்ணீர் குடிக்கும் பழக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பதால், இது மரபணுவின் வேலையா பழக்கத்தின் வேலையா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த ஐயத்தைத் தீர்க்க இரட்டையர் ஆய்வுகள் உதவின. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டையரின் பதிவேட்டைக் கொண்டு 2005-இல் வெளியான ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களில் இருவருக்குமே கல் இருக்கும் விகிதம் 32.4% ஆகவும், இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையர்களில் அது 17.3% ஆகவும் இருந்தது. இரு வகையினரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தாம். அவர்களைப் பிரிப்பது பகிர்ந்துகொண்ட மரபணுக்களின் அளவு மட்டுமே. இதிலிருந்து, ஆண்களிடையே கல் உருவாவதில் மரபின் பங்கு 56% என்று கணக்கிட்டார்கள்.

அந்த 56% என்ற எண் பல இடங்களில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவருக்குக் கல் வரும் வாய்ப்பு 56% என்பது அதன் பொருள் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்குக் கல் வருகிறது, சிலருக்கு வருவதில்லை என்ற வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மரபணு வேறுபாட்டால் விளக்கலாம் என்பதையே அது குறிக்கிறது. அதே இரட்டையர் கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம். முழு மரபணுத் தொகுதியும் ஒன்றாக இருந்தும், ஒருவருக்குக் கல் வந்த இணைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மற்றவருக்குக் கல் வரவில்லை. அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், தமக்குக் கல் வந்ததாகச் சொன்ன பெரியவர்கள் 1976–1980 காலத்தில் 3.8% ஆக இருந்தார்கள். 1988–1994 காலத்தில் 5.2% ஆனார்கள், 2007–2010 காலத்தில் 8.8% ஆனார்கள். முப்பது ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணுக்கள் இவ்வளவு மாறிவிட வழியில்லை. மரபு ஒருவரை வரம்புக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதும், உணவும் உடல் எடையும் வெப்பமும் நீரும் அவரை அந்த வரம்பைத் தாண்டச் செய்கின்றனவா என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

அந்த வரம்பு எவ்வளவு நுண்ணியது என்பதைப் புரிந்துகொள்ளச் சிறுநீரகத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதோடு சுமார் 10 கிராம் கால்சியமும் வடிகட்டப்படுகிறது. இதில் 98 முதல் 99 சதவீதம் நுண்குழாய்களால் மீண்டும் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. எஞ்சிய 100 முதல் 200 மில்லிகிராம் மட்டுமே சிறுநீரில் வெளியேறுகிறது. இப்போது ஒருவருடைய நுண்குழாய்கள் 98 சதவீதத்துக்குப் பதிலாக 97 சதவீதத்தை மட்டுமே உறிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். உறிஞ்சும் வேலையில் குறைந்தது ஒரே ஒரு சதவீதம்தான். ஆனால் சிறுநீரில் போகும் கால்சியமோ 200 மில்லிகிராமிலிருந்து 300 மில்லிகிராமுக்கு உயர்ந்துவிடுகிறது. அதாவது ஆய்வக அறிக்கையில் மிகை என்று குறிக்கப்படும் எல்லைக்கே வந்துவிடுகிறது. அந்த மனிதருக்கு இரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கும், உடலில் வேறு எந்தக் குறையும் தெரியாது. கல் உள்ளவர்களில் சுமார் 80% பேருக்குக் கால்சியம் சார்ந்த கற்களே இருப்பதால், அந்த ஒரு சதவீதத்தை அசைக்கக்கூடிய எந்த மரபணுவும் கவனத்துக்கு உரியதாகிறது.

அப்படிப்பட்ட மரபணுக்களில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது கிளாடின்-14 என்ற புரதத்துக்குரியது. சிறுநீரக நுண்குழாயின் சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல அந்தச் செல்களுக்கு இடையே கிளாடின் வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தச் சாந்தில் கால்சியம் புகுந்து செல்ல நுண்ணிய வழிகளும் உண்டு. நுண்குழாயில் ஹென்லே வளைவு எனப்படும் பகுதியின் தடித்த மேலேறு கிளையில், வடிகட்டப்பட்ட கால்சியத்தில் கால் பங்கு அளவு இந்த இடைவெளிகள் வழியாகவே இரத்தத்துக்குத் திரும்புகிறது. கிளாடின்-16, கிளாடின்-19 என்ற இரண்டும் சேர்ந்து வழியைத் திறந்து வைக்கின்றன. கிளாடின்-14 அந்த வழியை அடைக்கிறது. இரத்தத்தில் கால்சியம் கூடும்போது, கால்சியத்தை உணரும் ஏற்பி அதை அறிந்து கிளாடின்-14-இன் உற்பத்தியைக் கூட்டச் செய்கிறது, வழி அடைபடுகிறது, மிகுதியான கால்சியம் சிறுநீரில் போய்விடுகிறது. உடலைக் காக்கும் ஏற்பாடுதான் இது. ஆனால் தேவையில்லாத நேரத்திலும் இந்த அடைப்பு சற்றுக் கூடுதலாக இருந்துவிட்டால், சிறுநீரில் எப்போதும் கால்சியம் மிகுந்தே இருக்கும்.

2009-இல் ஐஸ்லாந்தின் டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஐஸ்லாந்திலும் நெதர்லாந்திலும் கல் இருந்த 3,773 பேரையும் ஒப்பீட்டுக்காக 42,510 பேரையும் வைத்து மரபணுத் தொகுதி முழுவதையும் அலசியபோது, இந்தக் கிளாடின்-14 மரபணுவில்தான் தெளிவான தொடர்பு கிடைத்தது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளில் இருக்கும். இடர் தரும் வடிவத்தை இரண்டு பிரதிகளிலும் கொண்டவர்களுக்கு, அது ஒரு பிரதியிலும் இல்லாதவர்களைவிடக் கல் வரும் வாய்ப்பு 1.64 மடங்கு என்று கணக்கிடப்பட்டது. அதே வடிவம் எலும்பின் தாது அடர்த்தி குறைவதோடும் தொடர்புடையதாக இருந்தது. எலும்பிலிருந்து வெளியேறும் கால்சியமும் சிறுநீரில் சேரும் கால்சியமும் ஒரே கணக்கின் வரவும் செலவும் என்பதால் இதில் வியப்பில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு பிரதிகளிலும் அந்த இடர் வடிவத்தைக் கொண்டவர்கள் அந்த மக்கள்தொகையில் சுமார் 62% பேர். பத்தில் ஆறு பேரிடம் இருக்கும் ஒன்றை நோய் தரும் கோளாறு என்று எப்படிச் சொல்வது? அது மனித இனத்தின் வழக்கமான வடிவங்களில் ஒன்று, மற்றவர்களிடம் உள்ள, குறைவாகக் காணப்படும் வடிவம் சற்றுப் பாதுகாப்புத் தருகிறது என்று சொல்வதே சரியாக இருக்கும். இதே மரபணு முழுவதுமாகச் செயலிழந்தால் பிறவியிலேயே காது கேளாமை உண்டாகிறது என்பது 2001-இலேயே அறியப்பட்டிருந்தது, ஏனெனில் உட்காதின் செல்களுக்கு இடையிலும் இந்தப் புரதம் வேலை செய்கிறது. ஒரே மரபணு, ஓர் உறுப்பில் சிறு சாய்வையும் மற்றோர் உறுப்பில் பெரிய இழப்பையும் உண்டாக்குகிறது.

அதற்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் மரபணுத் தொகுதியில் கல்லோடு தொடர்புடைய மேலும் பல இடங்களைக் காட்டின. பாஸ்பேட்டைக் கடத்தும் புரதம், கால்சியத்தை உணரும் ஏற்பி, நுண்குழாயின் கடைப்பகுதியில் கால்சியத்தை உள்வாங்கும் வாயில், நீரைக் கடத்தும் அக்வாபோரின், படிகம் உருவாவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. 2019-இல் பிரித்தானிய, ஜப்பானியத் தரவுகளைச் சேர்த்து வெளியான ஓர் ஆய்வு, 20 இடங்களில் தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஒவ்வோர் இடமும் தனித்தனியே சேர்ப்பது சிறு இடரே. என் தம்பிக்கு வந்த கால்சியம் ஆக்சலேட் கல்லுக்குப் பின்னால் இப்படிப்பட்ட பல சிறு சாய்வுகள் ஒன்று சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அவற்றைத் தேடிப் பணம் செலவழிப்பதால் அவனுடைய சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. உமிழ்நீரைக் குப்பியில் வாங்கிக்கொண்டு, சிறுநீரகக் கல்லுக்கு இடர் மதிப்பெண் தருவதாகச் சொல்லும் சேவைகளை நான் எவருக்கும் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். மேலும், அத்தகைய மதிப்பெண்களுக்கு அடிப்படையான தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தவர்களிடமும் ஜப்பானியர்களிடமும் திரட்டப்பட்டது. மற்ற மக்களுக்கு அதை அப்படியே பொருத்தினால் பிழை கூடுகிறது.

அந்த 20 இடங்களில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வைட்டமின் டி-யின் செயல்வடிவத்தைச் சிதைத்து அகற்றும் நொதிக்குரிய மரபணு அது. 1950-களில் பிரிட்டனில், குழந்தைகளுக்கு எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோய் வராமல் தடுக்கப் பால் பொடியிலும் பிற உணவுகளிலும் வைட்டமின் டி தாராளமாகச் சேர்க்கப்பட்டது. பெரும்பாலான குழந்தைகள் அதை எளிதாக ஏற்றுக்கொண்டன. ஒரு சில குழந்தைகளுக்கு மட்டும் இரத்தத்தில் கால்சியம் மிகையாகி, வாந்தியும் எடைக் குறைவும் நீரிழப்பும் உண்டாயின. சேர்க்கும் அளவைக் குறைத்தபின் நோய் தணிந்தது, ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் வந்தது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 2011-இல்தான், இத்தகைய குழந்தைகளில் சிலருக்கு மேற்சொன்ன நொதியின் மரபணு இரண்டு பிரதிகளிலும் செயலிழந்திருப்பது தெரியவந்தது. இக்குறை உள்ள சிலர் குழந்தைப் பருவத்தை அறிகுறியின்றிக் கடந்துவிட்டு, பெரியவர்களான பின் மீண்டும் மீண்டும் வரும் கற்களோடு மருத்துவரிடம் வருகிறார்கள். இரத்தக் கால்சியம் சற்று மிகுந்தும் அதைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் மிகத் தாழ்ந்தும் இருப்பது அவர்களைக் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட ஒருவருக்கு எலும்பு வலுப்பெறட்டும் என்று வைட்டமின் டி மாத்திரையைக் கொடுப்பது நேரடியான தீங்கு. மரபணுவைத் தெரிந்துகொள்வது ஒரு மாத்திரையை நிறுத்தவைக்கிறது என்றால், அந்த அறிவுக்குப் பயன் உண்டு என்று கொள்ளலாம்.

இங்கிருந்து ஒற்றை மரபணுக் கோளாறுகளுக்கு வருகிறேன். இவற்றில் வரலாற்றில் மூத்தது சிஸ்டினூரியா. 1810-இல் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன், சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கல்லை ஆராய்ந்து, அது அதுவரை அறியப்படாத பொருளால் ஆனது என்று கண்டார். அந்தப் பொருள்தான் பின்னர் சிஸ்டின் என்று பெயர் பெற்றது. 1908-இல் ஆர்ச்சிபால்டு கேரோட், பிறவியிலேயே அமையும் வளர்சிதைமாற்றப் பிழைகளைப் பற்றி நிகழ்த்திய புகழ்பெற்ற உரைகளில் எடுத்துக்கொண்ட நான்கு நோய்களில் இதுவும் ஒன்று. சிறுநீரில் வடிகட்டப்படும் சிஸ்டின் என்ற அமினோ அமிலத்தை மீண்டும் உறிஞ்சும் கடத்தி, இரண்டு புரதங்கள் இணைந்து உருவாவது. அந்த இரண்டில் எதன் மரபணுவில் குறை இருந்தாலும் சிஸ்டின் சிறுநீரிலேயே தங்கிவிடுகிறது. ஆர்னிதீன், ஆர்ஜினீன், லைசீன் ஆகிய மூன்றும் அதே கடத்தியை நம்பியிருப்பதால் அவையும் வெளியேறுகின்றன. அவை நீரில் நன்கு கரைவதால் தொல்லை தருவதில்லை. சிஸ்டினோ ஒரு லிட்டர் சிறுநீரில் சுமார் 250 மில்லிகிராம்தான் கரையும். ஒருவர் நாளொன்றுக்கு ஒரு கிராம் சிஸ்டினை வெளியேற்றுகிறார் என்றால், அது முழுவதும் கரைந்தே இருக்க அவருக்கு நான்கு லிட்டர் சிறுநீர் தேவை. அதுவும் பகலில் மட்டும் நீர் குடித்தால் போதாது. இரவில் சிறுநீர் செறிவாகும்போதே படிகம் தோன்றிவிடுவதால், நடு இரவில் எழுந்தும் குடிக்க வேண்டியிருக்கிறது.

சிஸ்டின் படிகத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. வளரிளம் பருவத்தில் இருந்த ஒரு பிள்ளையின் காலைச் சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தபோது, நிறமற்ற, தட்டையான, ஆறு பக்கங்களும் ஒழுங்காக அமைந்த தகடுகள் புலம் முழுவதும் சிதறிக் கிடந்தன. சில தனித்தனியாக இருந்தன. சில ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உடல்நலம் உள்ளவர்களின் சிறுநீரிலும் அடிக்கடி தென்படும். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இந்த அறுகோணத் தகடுகள் அப்படியில்லை. இவை தெரிந்தால் நோய் இருக்கிறது என்றே பொருள். அறிக்கையில் எழுதியதோடு நிறுத்தாமல், அந்தப் பிள்ளையைப் பார்த்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தும் சொன்னேன். அந்தக் குடும்பத்தில் அதுவரை எவருக்கும் கல் வந்ததில்லை என்று அவர் சொன்னார்.

அந்தப் பதில் முக்கியமானது. குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதால் மரபணுக் காரணம் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. இந்த நோய்களில் பெரும்பாலானவை ஒடுங்கு மரபு வழியில் வருபவை. தாய், தந்தை இருவரும் ஒரு பிரதியில் மட்டும் குறையைச் சுமந்துகொண்டு நலமாக இருப்பார்கள். இரண்டு குறைப் பிரதிகளும் ஒரு பிள்ளையிடம் வந்து சேரும்போதுதான் நோய் தோன்றுகிறது. பெற்றோர் நெருங்கிய இரத்த உறவினர்களாக இருந்தால் இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே பல தலைமுறைகளாகக் கல் வந்துகொண்டிருக்கும் குடும்பத்தைக் காட்டிலும், முன்பு எவருக்கும் இல்லாமல் ஒரு சிறு பிள்ளைக்குத் திடீரெனக் கல் வந்த குடும்பத்தில்தான் ஒற்றை மரபணுக் கோளாற்றை முதலில் தேட வேண்டும்.

இந்த வகை நோய்களில் மிகக் கொடியது முதன்மை ஹைப்பர்ஆக்சலூரியா, அதிலும் முதல் வகை. இதன் வேர் சிறுநீரகத்தில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. கல்லீரல் செல்லுக்குள் பெராக்சிசோம் என்ற சிறு அறையில் இருக்கும் ஒரு நொதி, கிளையாக்சலேட் என்ற பொருளைக் கிளைசினாக மாற்றித் தீங்கற்றதாக்குகிறது. அந்த நொதி இல்லையென்றால் கிளையாக்சலேட் ஆக்சலேட்டாக மாறுகிறது. ஆக்சலேட்டை மனித உடல் சிதைக்க முடியாது. சிறுநீரகம்தான் அதை வெளியேற்றியாக வேண்டும். கால்சியத்தோடு சேர்ந்து அது கல்லாகிறது, சிறுநீரகத் திசுவிலேயே படிகிறது, நாளடைவில் சிறுநீரகம் செயலிழந்தபின் எலும்பு, இதயம், கண் என்று உடல் முழுவதும் படியத் தொடங்குகிறது.

இந்த நோயில் காணப்படும் ஒரு மரபணு மாறுபாட்டின் கதை அறிவியலாகவே எனக்கு மிகவும் பிடித்தமானது. ஐரோப்பிய வழிவந்தவர்களிடம் இந்த நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 11-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் இருக்கும் வடிவம் பரவலாக உண்டு. அது தனியாக நோய் எதையும் தருவதில்லை. அதே பிரதியில் 170-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினீன் வந்துவிட்டால், இரண்டும் சேர்ந்து நொதியைத் தவறான அறைக்கு அனுப்பிவிடுகின்றன. நொதி உருவாகிறது, வேலை செய்யும் திறனும் அதற்கு இருக்கிறது. ஆனால் பெராக்சிசோமுக்குப் போகாமல் செல்லின் மற்றோர் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. புலால் உண்ணும் விலங்குகளில் இந்த நொதி இயல்பாகவே மைட்டோகாண்ட்ரியாவில்தான் மிகுதியாக இருக்கிறது. தாவரம் உண்ணும் விலங்குகளில் பெராக்சிசோமில் இருக்கிறது. எந்த உணவிலிருந்து கிளையாக்சலேட் எந்த அறையில் உருவாகிறதோ, அந்த அறைக்கே பரிணாமம் நொதியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. மனித உடலின் தேவை பெராக்சிசோமில் இருப்பதால், இந்த இடமாற்றமே நோயாகிறது. மருத்துவப் பயனும் இதில் உண்டு. இந்த மாறுபாடு உள்ளவர்களில் பலருக்குப் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, மிகை அளவில் கொடுத்தால் ஆக்சலேட் குறைகிறது. நொதியே உருவாகாத வேறு மாறுபாடுகள் உள்ளவர்களுக்கு அதே மருந்து பயன் தருவதில்லை. ஒரே நோய்க்குள்ளேயே எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதை வைத்துச் சிகிச்சை மாறுகிறது.

நெடுங்காலம் வரை இந்த நோய்க்கு முழுத் தீர்வு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றுவதாகத்தான் இருந்தது. 2020-இல் லூமாசிரான் என்ற மருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் பெற்றது. கிளையாக்சலேட் உருவாவதற்கு முந்தைய படியில் வேலை செய்யும் வேறொரு நொதியை உருவாக்கும் குறிப்பைச் சுமக்கும் செய்தி ஆர்என்ஏ-வை அது கல்லீரலில் அழித்துவிடுகிறது. கிளையாக்சலேட் உருவாவதே குறைகிறது. மருந்துச் சோதனையில், அதைப் பெற்றவர்களின் சிறுநீர் ஆக்சலேட் சராசரியாக 65% குறைந்தது. விலை மிக அதிகம், எல்லோருக்கும் எட்டுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் நீரும், படிகம் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட்டும், பி6 மருந்தும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. அவற்றையாவது சிறுநீரகம் நலமாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். இந்த நோய் இருப்பது, டயாலிசிஸ் தொடங்கிய பிறகோ, பொருத்திய மாற்றுச் சிறுநீரகத்திலும் ஆக்சலேட் படிந்து அது கெட்ட பிறகோதான் பலருக்குத் தெரியவருகிறது என்பதை மருத்துவ இதழ்களில் படிக்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது. முன்பே அவர்களுக்குக் கல் வந்திருக்கும். அதை உடைத்து எடுத்திருப்பார்கள். அது எதனால் ஆனது என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே வேதனைக்கு இன்னொரு காரணம், ஏபிஆர்டி என்ற நொதிக் குறைவு. அடினின் என்ற பொருளை மீட்டெடுக்கும் இந்த நொதி இல்லாவிட்டால், கரையவே மறுக்கும் ஒரு கழிவு உருவாகிக் கல்லாகிறது. எக்ஸ்ரேயில் இந்தக் கல் தெரியாது; எளிய வேதிச் சோதனையில் யூரிக் அமிலக் கல் என்றே தவறாக அடையாளம் காணப்படும். நுண்ணோக்கியில் பழுப்பு நிற வட்டப் படிகங்களாகத் தெரியும் இதற்கு, விலை மலிவான, பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள அலோபியூரினால் மாத்திரை ஏறத்தாழ முழுமையான தீர்வு. மாத்திரை இருக்கிறது, நோயைக் கண்டுபிடிப்பதுதான் அரிதாக இருக்கிறது.

இவை எல்லாம் அரிய நோய்கள், நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கல் சிகிச்சைக்காகச் சிறப்பு மருத்துவ மையங்களுக்கு வந்த 268 குடும்பங்களைச் சேர்ந்த 272 பேரிடம் 30 மரபணுக்களைச் சோதித்தார்கள். சுமார் 15% பேருக்கு ஒற்றை மரபணுக் காரணம் கிடைத்தது. பெரியவர்களில் 11.4%, 18 வயதுக்கு உட்பட்டவர்களில் 20.8%. சிறப்பு மையங்களுக்கு வந்தவர்கள் என்பதால் பொதுவாகக் கல் உள்ள அனைவரிடமும் இதே விகிதம் இருக்கும் என்று கொள்ள முடியாது. ஆனாலும், அத்தகைய மையத்துக்கு வந்த பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குப் பெயர் சொல்லக்கூடிய மரபணு நோய் இருந்தது என்பது சிறிய செய்தி இல்லை.

ஆகவே மரபணுச் சோதனையை யாருக்குக் கேட்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சிறு வயதில் முதல் கல் வந்தவர்கள், இரண்டு பக்கமும் அல்லது அடிக்கடி கல் வருபவர்கள், சிறுநீரகத் திசுவிலேயே கால்சியம் படிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள், கல்லோடு சிறுநீரகச் செயல்திறனும் குறைந்துவருபவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் இதைப் பற்றி வாய்விட்டுக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அது முதல் படி இல்லை. முதல் படி, வெளிவந்த கல்லைத் தூக்கி எறியாமல் பகுப்பாய்வுக்குக் கொடுப்பது. அடுத்தது, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம் ஆகியவற்றை அளப்பது. இந்த இரண்டும் மரபணுச் சோதனையைவிட மலிவானவை. எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்பதையும் இவையே சொல்லிவிடும். இவை இல்லாமல் நேரே மரபணுச் சோதனைக்குப் போனால், பொருள் உறுதியாகாத மாறுபாடு என்ற ஒரு வரியோடு அறிக்கை வந்து, குடும்பமே குழம்பி நிற்க நேரிடும்.

என் குடும்பத்தைப் போல, பெரியவர்களுக்குச் சாதாரணக் கால்சியம் கற்கள் வரும் குடும்பங்களுக்கு மரபு ஒரு தீர்ப்பு இல்லை என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. இத்தாலியில் லோரிஸ் போர்கி தலைமையிலான குழு, முதன்முறை கல் வந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் சிறுநீர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டரைத் தாண்டும் அளவுக்கு நீர் அருந்தச் சொன்னது. 1996-இல் வெளியான முடிவின்படி ஐந்து ஆண்டுகளில் அவர்களில் 12% பேருக்கும், மற்றவர்களில் 27% பேருக்கும் மீண்டும் கல் வந்தது. அதே குழு 2002-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, சிறுநீரில் கால்சியம் மிகுந்த ஆண்களிடம் செய்யப்பட்டது. மரபுச் சாய்வு மிகுதியாக இருக்கக்கூடிய கூட்டம் என்று அவர்களைச் சொல்லலாம். கால்சியத்தைக் குறைத்து உண்டவர்களில் 38% பேருக்கு ஐந்து ஆண்டுகளில் மீண்டும் கல் வந்தது. கால்சியத்தை இயல்பான அளவில் வைத்துக்கொண்டு உப்பையும் புலால் புரதத்தையும் குறைத்தவர்களில் அது 20% மட்டுமே. கல் கால்சியத்தால் ஆனது என்பதற்காகப் பாலையும் தயிரையும் விலக்கச் சொல்லும் அறிவுரை இன்றும் எங்கும் கேட்கிறது. குடலில் ஆக்சலேட்டைப் பிடித்து வைத்து மலத்தோடு வெளியேற்றுவது உணவுக் கால்சியம்தான். அதைக் குறைத்தால் ஆக்சலேட் தங்குதடையின்றி இரத்தத்துக்குள் நுழைந்து சிறுநீருக்கு வந்துவிடும். தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர், குறைந்த உப்பு, உணவோடு போதிய கால்சியம். அவனுடைய கல்லின் பகுப்பாய்வும் சிறுநீர் அளவுகளும் இதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

ஒற்றை மரபணு நோய் உறுதியான குடும்பத்தில் செய்ய வேண்டியது வேறு. ஒடுங்கு மரபு வழியில் ஒரு பிள்ளைக்கு முதன்மை ஹைப்பர்ஆக்சலூரியாவோ சிஸ்டினூரியாவோ இருப்பது தெரிந்துவிட்டால், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அதே நோய் இருக்கும் வாய்ப்பு 25%. வலியோ கல்லோ இதுவரை வராத அண்ணன், தங்கை எவரையும் விட்டுவிடாமல் சோதிக்க வேண்டும். எந்த மாறுபாடு என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பது எளிது, செலவும் குறைவு. பின்னாளில் அந்தப் பிள்ளைக்குச் சிறுநீரகம் தேவைப்பட்டு உடன்பிறந்தவர் கொடுக்க முன்வந்தாலும், அவருக்கும் அதே நோய் இல்லை என்பது முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும்.